நுரைக்காரர் நம்பிய வீடு

நுரைக்காரருக்கு மனிதர்கள் சொல்வதில் நம்பிக்கை கிடையாது. சோப்பு நுரை சொன்னால் நம்புவார்.

எரிவாயு ஏஜென்சியில் இருபத்தாறு வருடமாக, வீடு வீடாகப் போய் அடுப்பையும் குழாயையும் சோதித்துப் பார்க்கும் வேலை அவருக்கு. தோளில் ஒரு பை. பைக்குள் சோப்புத் தண்ணீர் பாட்டில், தேய்ந்துபோன ஷேவிங் பிரஷ், டார்ச், கத்தி, பச்சைச் சீட்டுக் கட்டு ஒன்று, சிவப்புச் சீட்டுக் கட்டு ஒன்று. சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயின் இரண்டு முனையிலும் பிரஷால் நுரையைத் தடவிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். கொப்புளம் வந்தால் கசிவு. குழாயில் வெடிப்பு இருந்தாலோ, அதில் அச்சடித்த காலக்கெடு தாண்டியிருந்தாலோ, நின்ற இடத்திலேயே அதைக் கத்தியால் இரண்டாக நறுக்கிப் போடுவார். ரெகுலேட்டருக்கு சீல் வைப்பார். சிவப்புச் சீட்டைக் கையில் திணித்துவிட்டு நடையைக் கட்டுவார். ஏஜென்சியிலிருந்து புதுக் குழாய் வந்து சேர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அவர் தலைதான் உருளும்.

ஜனங்களுக்கும் அவர் மேல் சந்தேகம்தான். நல்ல குழாயை வேண்டுமென்றே நறுக்குகிறார், ஏஜென்சிக்காரன் இவருக்கு ஏதோ தள்ளுகிறான் என்று படிக்கட்டில் பேசிக்கொள்வார்கள். அவர் பங்குக்கு அவரும் சளைத்தவர் இல்லை. மணியடித்து அரை நிமிடத்துக்கு மேல் ஆனால், உள்ளே எதை ஒளிக்கிறார்கள் என்று யோசிப்பார். உடனே திறந்துவிட்டால், இவ்வளவு சீக்கிரம் ஏன் திறந்தார்கள் என்று யோசிப்பார். டீ வேண்டுமா என்று கேட்டால் போச்சு. அந்த வீட்டுச் சிலிண்டரைக் கவிழ்க்காத குறையாகப் பார்ப்பார்.

வேலையில் இப்படியென்றால் வீட்டில் கேட்கவே வேண்டாம். கல்யாணமான புதிதில் மனைவி முதல் முதலாகச் சமைத்து வைத்தபோது, சமையலறை வாசலில் நின்று மூக்கை நீட்டி நன்றாக முகர்ந்தார். "வாசனை எப்படி இருக்கு?" என்று அவள் ஆசையாகக் கேட்டாள். "ஒண்ணும் கசியல" என்றார்.

இஸ்திரிப் பெட்டியைத் தான் இல்லாதபோது யாரும் போடக்கூடாது என்பதற்காக அதன் வயரைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவார். குழந்தை கைக்கு எட்டக்கூடாது என்று மருந்து டப்பா பீரோவின் உச்சியில் இருந்தது. அதை எடுக்க ஸ்டூல் போட வேண்டும். ஸ்டூலில் ஏறினால் விழுந்துவிடலாம் என்பதால் ஏறக்கூடாது. ஆகவே அந்த வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும் அவர் சாயங்காலம் வரும்வரை வலிக்க வேண்டியதுதான். குளிர்பானப் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தான் என்று சொந்தத் தம்பியோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தவர் அவர். குடும்பத்தோடு வெளியே கிளம்பினால் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டைத் திறந்து அடுப்பைப் பார்ப்பார்.

"நான்தான் மூடினேன்னு சொன்னேனே" என்பாள் மனைவி.

"மூடினதா நெனச்சிருப்ப."

ஒரே மகள். அவளுக்கு ஐந்து வயதானபோது பிறந்தநாளுக்கு கேக் வந்தது, மெழுகுவத்தி வந்தது, தீப்பெட்டி மட்டும் வரவில்லை. ஏற்றாத மெழுகுவத்தியைக் குழந்தை கன்னம் உப்ப ஊதியது. சுற்றி நின்ற பெரியவர்கள் வேறு வழியில்லாமல் கை தட்டினார்கள்.

அவர் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நடந்தது அது. ஒரு வீட்டில் வாசலிலேயே வீட்டுக்காரர் மறித்துக்கொண்டு, "நேத்துதான் சார் புதுக் குழாய் மாத்தினோம். உள்ள விருந்தாளிங்க இருக்காங்க, டிக் போட்டுட்டுப் போங்க" என்றார். நல்ல மனிதராகத் தெரிந்தார். இவரும் டிக் போட்டுவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் அந்தச் சமையலறை பற்றிக்கொண்டது. வீட்டுக்காரர் மனைவிக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார். கட்டுப் போட்ட கைகளைத் தலையணை மேல் வைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நீங்கதான் வந்து பாத்துட்டுப் போனீங்களே சார்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து அவர் யாருடைய வாய்வார்த்தையையும் எடுத்துக்கொள்வதில்லை, ஒருத்தியைத் தவிர. எல்லாரையும் சந்தேகப்படுகிற மனிதனும் எங்காவது ஓரிடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டுமே! மகளுக்குப் பத்து வயதில் அவளுடைய கட்டிலுக்கடியில் பாதி எரிந்த மெழுகுவத்தி ஒன்று அவர் கையில் அகப்பட்டது.

"இது என்னம்மா?"

"தெரியலப்பா. எதிர்வீட்டுப் பொண்ணு விட்டுட்டுப் போயிருப்பா."

மகள் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் பொய் சொல்லாது என்று பட்டது. நேரே எதிர்வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார்.

மகள் வளர்ந்து கல்யாணமாகி, பெண் குழந்தையும் பிறந்து அதற்கு ஒன்றரை வயது. குடியிருப்பது நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில், இடதுபக்க வீடு. மாடிக்கு இரண்டு வீடு. மருமகன் தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன், காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். அந்தத் தெரு தன்னுடைய சுற்றிலேயே இருக்கட்டும் என்று ஏஜென்சியில் சொல்லிவைத்திருந்தார் நுரைக்காரர். நாலு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பார்க்கப் போனபோது, மகள் வீட்டுக் குழாய் மடிப்பில் வெடித்திருந்ததைக் கண்டு பதறிப்போனார். ஏஜென்சிக்கு ஓடி, கெஞ்சி, புதுக் குழாய் வாங்கிவந்து தன் கையாலேயே மாட்டினார். பழையதை நறுக்கக் கத்தி தேடியபோது மகள் அதை வாங்கிக்கொண்டாள். "நான் குப்பையில போட்டுர்றேன்பா. நீங்க கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க." அவர் கை கழுவப் போனார்.

அந்தக் கட்டடத்தில் ஆண்டுச் சோதனை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. எந்த வீட்டுக்கு எந்தத் தேதியில் வருவார் என்பதை ஏஜென்சி முன்னாடியே போனில் தெரிவித்துவிடும். இந்த ஏற்பாடு அவருக்குக் கட்டோடு பிடிக்காது. சொல்லிவிட்டுப் போனால் ஒளித்து வைக்கமாட்டார்களா?

கால் தெம்பாக இருக்கும்போதே மேலே ஏறிவிட்டு, ஒவ்வொரு மாடியாகச் சோதித்துக்கொண்டு இறங்குவது அவர் வழக்கம். ஆகவே முதல் வீடு எப்போதும் மகள் வீடு. அவள் டீ கொடுத்தாள். மூக்கு அடைத்துக்கொண்டு குரல் கரகரவென்று வந்தது.

"மூணு நாளா சளிப்பா. வாசனையே தெரியல. ஆவி பிடிக்கலாம்னு பாத்தேன்."

"வேணாம், வேணாம். கொதிக்கிற தண்ணி. குழந்தை வந்து இழுத்துடும்."

சமையலறை வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். தான் மாட்டிய ஆரஞ்சு நிறக் குழாய் ஜோராக இருந்தது. பேத்தி பிரஷைப் பிடுங்கித் தன் தலையைச் சீவிக்கொண்டிருந்தது.

"நுரை போட்டுப் பாக்கலையாப்பா?" என்றாள் மகள்.

"நானே மாட்டினதுக்கு நானே நுரை போடணுமாக்கும்?"

டிக் போட்டு, பச்சைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பேத்தியிடமிருந்து பிரஷை மீட்டுக்கொண்டு கிளம்பினார். எதிர்வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற குமாஸ்தா. அவர் குழாய், அடுப்பு, பேச்சு எல்லாமே ஒழுங்கு. அங்கே கால்மணி நேரம் ஆயிற்று.

மூன்றாவது மாடி இடதுபக்கம் தையல்காரி வீடு. மணியடித்தார். "வரேன் சார், வரேன் சார்" என்று குரல் வந்தது, ஆள் வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்துக் கதவு திறந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்து தைக்கிறவளுக்கு என்ன மூச்சு வாங்கல்?

சமையலறைக்குப் போனார். அடுப்பில் விரல் அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. சுவரில் புகை. நடுவில் குழாய் மட்டும் பளபளவென்று இருந்தது.

"குழாய் எப்ப மாத்தினது?"

"நேத்துதான் சார்."

அந்த வார்த்தையை அவர் வேறொரு வாசலில் கேட்டிருக்கிறார். குனிந்து குழாயில் அச்சடித்த மாதத்தைப் படித்தார். நாலு மாதத்துக்கு முந்தினது. முனையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம், வெதுவெதுப்பு. இறுக்கமான குழாய் முனையைக் கொஞ்ச நேரம் சுடுதண்ணீரில் முக்கினால்தான் இலகுவாக மாட்ட வரும். அது அவர் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த வித்தை. நேற்று மாட்டிய குழாய்க்கு இன்று எங்கிருந்து சூடு வந்தது?

அவர் ஒன்றும் கேட்கவில்லை. நுரை தடவினார், கொப்புளம் வரவில்லை. தையல்காரி அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கீழ்ப்பக்கமாகப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். பச்சைச் சீட்டை வாங்கிக்கொண்டபோது அவள் விட்ட பெருமூச்சையும் மனதில் குறித்துக்கொண்டார்.

அதே மாடியின் வலதுபக்க வீட்டை முடித்துக்கொண்டு இரண்டாவது மாடிக்கு இறங்கினார். இடதுபக்கம் டாக்ஸி ஓட்டுகிறவர் வீடு. இங்கேயும் கதவு திறக்கத் தாமதம். இங்கேயும் கறுத்துப்போன அடுப்பு, பளபளப்பான குழாய்.

"போன மாசந்தான் மாத்தினோம் சார். புத்தம் புதுசு" என்றார் டாக்ஸிக்காரர், யாரும் கேட்காமலே.

டார்ச்சை அடித்துக்கொண்டு குனிந்தார். கீழ்ப்பக்கம் அவருடைய புள்ளி அவரைப் பார்த்துச் சிரித்தது.

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ தில்லுமுல்லு பார்த்திருக்கிறார். ஒரே குழாய் அவருக்கு முன்னால் வீடு வீடாக இறங்குவதை இப்போதுதான் பார்க்கிறார். கோபம் வந்தது. கூடவே, உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு குஷியும் வந்தது. இத்தனை வருடம் எல்லாரையும் சந்தேகப்பட்டது வீண் போகவில்லை பாருங்கள்! சீல் வைக்கக் கை துறுதுறுத்தது. ஆனால் இரண்டு பேரைப் பிடித்தால் போதாது, இதற்கு ஒரு தலை இருக்கும், அதைப் பிடிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு டாக்ஸிக்காரருக்கும் பச்சைச் சீட்டே எழுதினார்.

யாராக இருக்கும்? முதல் மாடியில் இருக்கும் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அம்மா போன வருடம் இவரோடு வாய்ச்சண்டை போட்டவள். அவளாக இருக்கலாம். வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் இன்று வழக்கத்துக்கு மாறாக எழுந்து நின்றான், அவனும் உடந்தையாக இருக்கலாம். ஏஜென்சியில் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுகிற மேனேஜர்கூட லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒழுங்கான குமாஸ்தா, அவ்வளவு ஒழுங்கு எதற்கு? இப்படி அந்தக் கட்டடத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது அவர் சந்தேகம். மேல்மாடி இடதுபக்க வீட்டுக்கு மட்டும் அது போகவில்லை.

இரண்டாவது மாடி வலதுபக்கம் ஒரு நர்ஸ் வீடு. அவள் வேலைக்குப் போயிருந்தாள், கணவர்தான் திறந்தார். சமையலறை ஜன்னல் கட்டடத்தின் பின்பக்கம் பார்த்தது. நுரைக்காரர் பிரஷை பாட்டிலில் முக்கிக்கொண்டே தற்செயலாக வெளியே பார்த்தார்.

பக்கத்து பால்கனிக்கு வெளியே ஒரு கூடை கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. மேல்வீட்டுக்காரர்கள் காய்கறி தூக்குவதற்குக் கட்டி வைத்திருக்கும் பிளாஸ்டிக் கூடை. மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. துண்டுக்கு வெளியே ஆரஞ்சு நிறத்தில் ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது.

அகப்பட்டாய்! ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்திக் கயிற்றோடு மேலே பார்த்தார். கயிறு டாக்ஸிக்காரர் பால்கனியைத் தாண்டியது. தையல்காரி பால்கனியையும் தாண்டியது. உச்சியில், பால்கனிக் கம்பிக்கு மேலே ஒரு கை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது. கையில் சிவப்புக் கையுறை. சூடான பாத்திரம் இறக்கும்போது சுட்டுவிடக்கூடாது என்று, தேடி அலைந்து வாங்கி, மகள் தனிக்குடித்தனம் போன அன்று அவர் கொடுத்த கையுறை.

ஒரு கணம் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. அடுத்த கணம் ஓடியது வேறு விஷயம். மகளுடைய குழாய் இங்கே இறங்குகிறது. அப்படியென்றால் அவள் அடுப்பில் இப்போது மாட்டியிருப்பது எது? பத்தரை மணிக்குப் பேத்திக்குப் பால் காய்ச்சுவார்கள். மணி பத்து இருபத்தெட்டு.

பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். ஐம்பத்தெட்டு வயதுக் கால்கள் இரண்டு மாடியை எப்படி ஏறின என்று அவருக்குத் தெரியாது. மகள் வீட்டு வாசலில் கை தானாகக் காலிங் பெல்லுக்குப் போனது. விரல் படுவதற்கு முன் மூக்கில் ஏறியது எரிவாயுவின் அந்த அழுகல் வாடை. கதவுக்கு அடியிலிருந்து வந்தது.

விரலைச் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார். பெல் அடித்தால் சுவிட்சில் ஒரு பொறி போதும். முஷ்டியால் கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றது மகளின் அடைத்த குரல்.

"நான்தாம்மா, அப்பா."

உள்ளே சத்தம் நின்றுபோனது. அந்த மௌனம் அவருக்குத் தெரியும். ஆயிரம் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். எதையோ ஒளிக்கப் போகிறவர்களின் மௌனம்.

"ஒரு நிமிஷம்பா! குழந்தைக்கு டிரெஸ் மாத்திட்டிருக்கேன்."

"கதவை அப்புறம் திற. முதல்ல நான் சொல்றதைக் கேளு. அடுப்பைப் பத்த வைக்காத. சுவிட்ச் எதையும் தொடாத. ரெகுலேட்டரை மூடு."

"எதுக்குப்பா? இங்க எல்லாம் சரியாத்தானே இருக்கு? நீங்கதானே காலையில வந்து பாத்துட்டுப் போனீங்க?"

நுரைக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பாக்கலம்மா" என்றார். "டிக்தான் போட்டேன்."

உள்ளே வாளி நகரும் சத்தம், உலோகம் உரசும் சத்தம். அவள் குழாயைக் கழற்றி ஒளிக்கப் பார்க்கிறாள்! ரெகுலேட்டரை மூடாமல் கழற்றினால் அறை முழுக்க வாயு பாய்ந்துவிடும். திட்டு வாங்கக்கூடாது என்ற பயத்தில் அவள் எதையும் செய்வாள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"குழாயைக் கழட்டாதம்மா! ஒளிக்க வேணாம். எனக்குத் தெரியும். உன் குழாய் கூடையில இறங்கினதைப் பாத்தேன். நான் சோதனைக்கு வரல. பையைக் கீழயே போட்டுட்டு வந்துட்டேன். கையில சீட்டு இல்ல, கத்தி இல்ல, ஒண்ணும் இல்ல. ரெகுலேட்டரை மட்டும் மூடு. குழந்தையைத் தூக்கிட்டு வெளிய வா."

உலோகச் சத்தம் நின்றது. பிறகு கதவுக்குப் பக்கத்தில் பத்து வயதுக் குரல் ஒன்று கேட்டது போலிருந்தது அவருக்கு.

"திட்ட மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டேன்டா."

காலடிகள் உள்ளே போயின. 'டக்' என்று ரெகுலேட்டர் மூடும் ஓசை கேட்டது. தினம் நாற்பது தடவை கேட்கிற ஓசை. அன்றைக்கு அதைக் கேட்டதும் அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறந்தது. இடுப்பில் குழந்தை, ஒரு கையில் சிவப்புக் கையுறை, மறு கையில் அடுப்பு பற்றவைக்கும் லைட்டர். அந்த லைட்டரை அவர் மெதுவாக, முட்டையை வாங்குவது போல வாங்கிக்கொண்டார். உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்தார். பால்கனிக் கதவு ஏற்கெனவே விரியத் திறந்திருந்தது. கூடை இறக்குவதற்காகத் திறந்தது. அது மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குக் கணக்காகத் தெரியும். அந்தக் கணக்கை அவர் போடவில்லை.

பின்னாலேயே நர்ஸின் கணவர் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தார். வந்தவர் கையும் பெல்லுக்குத்தான் போனது.

"பெல்லைத் தொடாதீங்க!" என்று அப்பாவும் மகளும் ஒரே குரலில் கத்தினார்கள். மனிதர் பையை அப்படியே வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

வாடை முழுக்கப் போன பிறகு சமையலறையில் குனிந்து பார்த்தார். நாலு மாதத்துக்கு முன் அவரே கழற்றிய அதே பழைய குழாய். மடிப்பில் வெடிப்பு வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"இதைக் குப்பையில போட்டுர்றேன்னு சொன்னியே?"

"சொன்னேன். எதுக்காவது ஆகும்னு வாளிக்குப் பின்னாடி வச்சேன்." அவள் தரையைப் பார்த்தாள். "ஒரு மணி நேரந்தானேன்னு மாட்டினேன்பா. மூக்கு அடைச்சதுல வாசனை தெரியல. பால் காய்ச்சறதுக்கு லைட்டரை எடுத்தேன். அப்பத்தான் கதவைத் தட்டினீங்க."

"எதுக்கும்மா இந்த வேலை?"

"நீங்க சீல் வச்சிட்டுப் போயிடுவீங்க. இங்க குடியிருக்கிறது நான். படியில ஏறினா, இறங்கினா, 'உங்கப்பா வந்தாரு, எங்க வீட்டுல அடுப்பு எரியல'ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. நர்ஸ் அக்கா போன வருஷம் ஒரு வாரம் பட்ட பாட்டைப் பாத்தேன். அதான் தையல் அக்காவுக்கும் மத்தவங்களுக்கும் என்னோடதைக் கொடுத்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்ககிட்ட சொல்லி எனக்குப் பழக்கமே இல்லையேப்பா. ஒளிச்சுத்தான் பழக்கம்." மூக்கை உறிஞ்சினாள். "கட்டிலுக்கடியில இருந்த மெழுகுவத்தியும் என்னோடதுதான். பிறந்தநாளுக்கு நானே ஏத்தி, நானே ஊதிக்கிட்டேன்."

அவருக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊர் முழுக்க ஒளிக்கிறவர்களைத் தேடி அலைந்திருக்கிறார். ஒளிக்கக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் அவர் வீட்டிலேயே நடந்திருக்கிறது. பேத்தி அவர் காலைக் கட்டிக்கொண்டு பைக்குள் கையை விட்டு பிரஷைத் தேடியது.

கத்தியை எடுத்துப் பழைய குழாயை நறுக்கினார். இரண்டாக நறுக்கினால் போதும், அவர் எட்டுத் துண்டாக்கினார். ரெகுலேட்டருக்கு சீல் வைத்தார். சிவப்புச் சீட்டுக் கட்டைத் தொடையில் வைத்து எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். குறைபாடு என்ற இடத்தில் அவர் எழுதியிருந்ததை மகள் படித்தாள். 'பழைய குழாய் பொருத்தப்பட்டிருந்தது. பரிசோதகர் காலையில் பார்க்காமலே டிக் போட்டுள்ளார்.'

"இது வேணாம்பா. ஆபீஸ்ல உங்களைச் சும்மா விட மாட்டாங்க. நான்தானே பொய் சொன்னேன்?"

"பொய் சொன்னது நீ. டிக் போட்டது நான். கையெழுத்துப் போடு."

அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பால்கனியில் கயிறு இரண்டு தடவை ஆடியது. கீழேயிருந்து யாரோ இழுக்கிறார்கள். மகள் பதறி எழுந்தாள். அவர் கையமர்த்திவிட்டுத் தானே போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஒரு மாடி ஏறுவதற்குள் முதல் மாடியிலிருந்து செயலாளர் அம்மாவின் குரல், அடக்கி வாசித்தும் கட்டடம் முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, உங்கப்பா எங்க போனாரு? மாட்டி வச்சிட்டு எவ்வளவு நேரமா நிக்கிறது! ஆளைக் காணோமேன்னு கழட்டிக் கூடையில போட்டுட்டேன். மனுஷனுக்குச் சந்தேகம் ஏதாச்சும் வந்துடுச்சா?"

நுரைக்காரர் கம்பிக்கு மேல் தலையை நீட்டினார். தையல்காரியும் டாக்ஸிக்காரரும் அவரவர் பால்கனியிலிருந்து மேலே பார்த்து அப்படியே நின்றுபோனார்கள்.

"வரலம்மா" என்றார். "வந்திருக்கணும். காலையில, இந்த வீட்டுலயே வந்திருக்கணும்."

கூடை காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"யாரும் அடுப்பைப் பத்த வைக்காதீங்க. பழைய குழாயை ஒளிக்காம எடுத்து வைங்க. புதுக் குழாய் நாளைக்கே வர்றதுக்கு நான் ஏஜென்சியில போய் உக்காந்துக்கிறேன். இப்ப மறுபடியும் மேலேருந்து ஆரம்பிக்கிறேன். முதல் சிவப்புச் சீட்டு எம்பொண்ணு வீட்டுக்கு எழுதியாச்சு."